இரண்டு பாடமும் வேண்டுமாம்

பெற்ற மகளைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அன்று எரிந்தது எரிந்ததுதான்.

கணிதம், புவியியல் இரண்டையும் சேர்த்துப் படித்துப் பட்டம் எடுக்கப் போவதாக மகள் சொன்னாள். இரண்டு பாடத்தின் வகுப்புகளும் ஒன்றோடொன்று முட்டுமாம். முட்டாமல் திட்டம் போட்டுத்தர இங்கே ஜேர்மனியில், வுப்பர்டால் பல்கலைக்கழகத்திலேயே ஓர் ஆலோசகர் இருக்கிறாராம். அவரைப் பார்க்க நாள், நேரம் குறித்து டெர்மினும் எடுத்துவிட்டாளாம்.

"நான் தனியப் போறன் அம்மா."

"நானும் வாறன்."

"அங்க உங்களுக்கு என்ன வேலை?"

ஒரு வேலையும் இல்லை. புவியியல் என்று கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஊரில் ஏ.எல். சோதனை எழுதி எனக்கும் கம்பஸில் இடம் கிடைத்தது, அதே புவியியலுக்கு. வீடு தேடி வந்து விசாரித்த ஆசிரியையிடம் என் அப்பா, "அவள் போகமாட்டாள் டீச்சர், ஜேர்மனியில மாப்பிள்ளை சரிவந்திட்டுது" என்றார். தேத்தண்ணீர்த் தட்டோடு நான் பக்கத்திலேயே நின்றேன். ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை.

கூடவே போனேன். ஆலோசகர் என் வயதுப் பெண். மேசையில் வகுப்பு நேரசூசியை விரித்து வைத்திருந்தார். கணிதம் நீலம், புவியியல் பச்சை. செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஒரு பச்சைக் கட்டத்தை அழித்து அடுத்த வருடத்துக்குத் தள்ளினார். இன்னொன்றை வியாழனுக்கு மாற்றினார். ஒவ்வொரு தடவையும் மகளைப் பார்த்து, இது உங்களுக்குச் சரியா, உங்களுக்கு எது விருப்பம் என்று கேட்டார். முக்கால் மணித்தியாலம்! என் விருப்பத்தை முக்கால் நிமிடம்கூட யாரும் விசாரித்ததில்லை. ஆறு, மலை, மண் எல்லாவற்றையும் நேரில் பார்க்கப் பயணமும் கூட்டிப்போவார்களாம். அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஆலோசகர் சொன்னார்: இரண்டையும் எடுத்தால் ஒரு வருடம் கூடலாம், புவியியலை விட்டால் சுலபம். வீட்டிலிருந்துதானே படிக்கப் போகிறீர்கள், அம்மாவுக்குச் சம்மதமா?

மகள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள். டாக்டரிடமும் கந்தோர்களிலும் ஏழு வயதிலிருந்து எனக்காகப் பேசி வருகிறவள். நான் சொல்வதில் ஒரு சொல் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

"ஏலாது எண்டு சொல்லு. கணக்கு மட்டும் காணும். மற்றதை விடுறன் எண்டு சொல்லு."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஆலோசகர் பக்கம் திரும்பி, எவ்வளவு காலம் எடுத்தாலும் பரவாயில்லை, இரண்டையும் படிக்கட்டும் என்கிறார் அம்மா என்று ஜேர்மன் மொழியில், டொச்சில், சொன்னாள்.

அடி பாவி! இருபது வருடத்துக்கு மேலாக முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். டொச் பேசத்தான் எனக்கு நாக்கு வளையாது, விளங்காமல் இல்லை. இல்லை என்பதற்கு 'நைன்' என்று ஒரு சொல் போதும். அதைச் சொல்லவும் எனக்குத் தெரியும். ஆலோசகர் சிரித்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

பஸ்ஸில் பாதித் தூரம் வந்தோம். பிறகு எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"எனக்கு டொச் விளங்கும், தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ அப்பிடிச் சொன்னனி?"

"நீங்கள் இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்தானே அம்மா."

சொல்லிவிட்டு, நேரசூசியை மடியில் விரித்துப் பச்சைக் கட்டங்களை விரலால் தடவிக்கொண்டு வந்தாள். எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அன்று ஆசிரியையிடம் என் அப்பா பேசியது தமிழ்தான். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. நானும் சொல்லியிருக்கலாம்தானே.