ஐம்பது மீட்டருக்குக் கீழே

போடியில் கடல் இல்லை. இதை ஒரு குறையாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏலக்காய் வியாபாரி வைகுண்டராஜின் மகள் எப்சிபா மட்டும் கொச்சியில் தங்கிக் கடலின் நிறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அதுவும் கால் நனையாமல். செயற்கைக்கோள் எடுத்த படங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். நீர் பச்சையாகத் தெரிந்தால் நுண்பாசி மிகுதி. நீலமாகத் தெரிந்தால் ஒன்றுமில்லை. மூன்று வருடமாக ஒன்றுமில்லாத இடங்களைக் கவனமாகக் குறித்துவந்தாள்.

2004 தொடக்கத்தில் ஒரு சந்தேகம் வந்தது. கோடையில் சத்தெல்லாம் ஆழத்தில் கிடப்பதால் பாசியும் ஐம்பது, அறுபது மீட்டருக்குக் கீழே படலமாகத் தங்கிவிடும். செயற்கைக்கோளின் பார்வை அவ்வளவு தூரம் இறங்காது. அப்படியென்றால் அவள் குறித்த நீலங்கள் உண்மையில் நீலம்தானா? ஆழத்து நீரை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மார்ச்சில் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் இடம் கிடைத்தது. அதே வாரம் தேனியிலிருந்து வங்கி அதிகாரி அஜய்குமார் வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"அதான் மேல இருந்தே படம் புடிக்குதுல்ல, கப்பல் எதுக்கு?" என்றார் வைகுண்டராஜ்.

"மேலாப்புலதாம்ப்பா தெரியும். அடியில இருக்கிறது தெரியாது."

சாக்கின் வாயைப் பார்த்து விலை சொல்பவரல்ல அவர். குத்தூசியை அடிவரை இறக்கிச் சரக்கை உருவிப் பார்ப்பவர். மாப்பிள்ளையை மட்டும் போட்டோவிலேயே முடிவு செய்திருந்தார்.

"மூணு வருசமா மேலாப்புலயா பாத்துக்கிட்டு இருந்த?"

"ஆமாப்பா."

"வெளிய சொல்லிராத. போயி பாத்துட்டு வா. அவுகள அடுத்த வாரம் வரச் சொல்றேன்."

கப்பலில் எப்சிபா பெரும்பாலும் வாந்தி எடுத்தாள். இடையிடையே நீர் எடுத்தாள். மேல்மட்ட நீரை வடிகட்டிய தாள் வெள்ளையாகவே இருந்தது. ஆழத்து நீரை வடிகட்டிய தாள் பச்சை. வேறிடம் போனார்கள், அங்கும் பச்சை. தன் உழைப்பில் பாதி தவறு என்பது உறுதியானது. அன்று மட்டும் நன்றாகச் சாப்பிட்டாள்.

கரையிறங்கி நேரே பஸ் ஏறி வீடு வந்தாள். தரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. காபித் தட்டை இறுகப் பிடித்து, குனிந்த தலை நிமிராமல், மெல்ல மெல்ல நடந்து வந்தாள்.

"கப்பல்ல போற புள்ளைன்னு சொன்னாக," என்றாள் அஜய்குமாரின் அம்மா, திருப்தியாக. "இம்புட்டு அடக்கமா இருக்கும்னு நெனைக்கல."

"படிப்பு எப்ப முடியும்?" என்று அஜய்குமார் கேட்டான்.

"இந்த வருசத்தோட," என்றார் வைகுண்டராஜ்.

"இன்னும் ரெண்டு வருசம் ஆகும்," என்றாள் எப்சிபா. "எழுதுனதுல பாதி தப்பு."

"யாரு கண்டுபிடிச்சா?"

"நாந்தான்."

தன் தப்பைத் தானே கண்டுபிடித்து அறிவித்த ஆளை அவன் வங்கியில் பார்த்ததில்லை. கொஞ்சம் யோசித்தான். "சரி, ரெண்டு வருசம் கழிச்சு வாறோம்."

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். வைகுண்டராஜ் மறுநாளே வேறு இடம் விசாரித்தார். 2006இல் எப்சிபா டாக்டர் பட்டம் வாங்கினாள். அந்த வாரமே அஜய்குமார் போன் செய்து, எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டான்.