பழகாத பக்கம்

ஆஸ்பத்திரி நடையில் அண்ணி நின்றிருந்த நிலை எனக்கு இன்னும் அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார். அறுவை சிகிச்சை மருத்துவர் அறையிலிருந்து வெளியே வந்து, அண்ணனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், அதுவும் இன்றைக்கே, என்று சொல்லி முடித்திருந்தார். நான் அண்ணியைத் தாங்கிப் பிடிக்கத் தயாராகப் பக்கத்தில் நகர்ந்தேன். சீரியலில் யாருக்கோ காய்ச்சல் வந்தால்கூட அழுகிறவர் அவர். அன்று அழவில்லை. "எடுத்தா பொழைச்சுக்குவாரா டாக்டர்?" என்று கேட்டார். வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்றார் மருத்துவர். "எடுக்கலன்னா?" மருத்துவர் தயங்கினார். "சொல்லுங்க டாக்டர், தெரிஞ்சுக்கணும்." "கஷ்டம்மா." "அப்ப எடுத்துடுங்க. அவர ஒத்துக்க வைக்கிறது என் வேல." அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். நான் மாடியில், அவர்கள் கீழே.

அண்ணி பக்கத்திலுள்ள நெரவி ஊர்க்காரர். விவசாயக் குடும்பத்திலிருந்து காரைக்கால் டவுனுக்குள் வாழ வந்தவர். வந்த சில மாதங்களிலேயே எங்கள் தெருவில் யாருக்கு என்ன மனக்குறை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால் அவரை வீட்டுக்குக் கூட்டிவருவது பெரிய பாடு. ஒருத்தி மருமகளைப் பற்றிச் சொல்வாள், அண்ணி கண் கலங்குவார். கொஞ்சம் தள்ளி அந்த மருமகளே வந்து மாமியாரைப் பற்றிச் சொல்வாள், அதற்கும் கலங்குவார். இரண்டில் எது நியாயம் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "நியாயம் கெடக்குது போ, ரெண்டு பேருக்கும் மனசு நோவுதுல்ல" என்பார். எந்த விஷயத்திலும் முடிவெடுப்பது அவருக்குப் பிடிக்காது. கேஸ் இணைப்பு மாற்றுவது முதல் மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பது வரை, "ஒங்க அண்ணனக் கேளு" என்று ஒதுங்கிக்கொள்வார்.

அண்ணன் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். எதையும் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்துவிடுவார், அதற்குப் பிறகு அவரைப் பொறுத்தவரை அந்த விஷயம் முடிந்தது. அப்பா இறந்தபோது குருவானவருக்குச் சொல்லி அனுப்புவது, கல்லறைக்கு ஏற்பாடு செய்வது, வந்தவர்களுக்குக் காபி என்று எல்லாவற்றையும் பிசகில்லாமல் நடத்தினார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவருக்குப் பாசம் இல்லை என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். அது சரியல்ல. என்னுடைய ஸ்கூட்டிக்கு எப்போது எண்ணெய் மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். பாசத்துக்கு அவரிடம் இருந்த பாஷை அவ்வளவுதான். அண்ணி யாருக்காகவாவது அழுதுகொண்டிருந்தால் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, "அழுதா என்ன தீரும், சொல்லு" என்பார். கேலி இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியாமல்தான் கேட்பார்.

நான் கல்வியியல் கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். மனிதர்களின் வகைகளைப் பற்றிய பாடம் வரும்போது மாணவர்களிடம் ஒன்று சொல்வேன். சிலர் அறிவால் அளந்து உலகத்தைப் பார்க்கிறார்கள், சிலர் மனசால் தொட்டுப் பார்க்கிறார்கள். எது முதலில் கைவந்ததோ அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி அதில் கெட்டிக்காரர்களாகிறோம். எதிர்ப்பக்கம் பழக்கமில்லாமல் பின்னால் நின்றுவிடுகிறது. நின்றுவிடுகிறதே தவிரச் செத்துப்போவதில்லை. முன்பக்கத்துக்கு வழி தெரியாமல் போகும் நாளில் அது எழுந்து வருகிறது, எந்த வயதில் விட்டோமோ அந்த வயதுப் பிள்ளையாகவே. ஒருவரை அறிய அவருடைய பலத்தைப் பார்த்தால் போதாது, அவர் புழங்காமல் விட்ட பக்கத்தையும் பார்க்க வேண்டும். பாடமாகச் சொல்லும்போது இது எளிதாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தபோது அவ்வளவு எளிதாக இல்லை.

அண்ணனுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடமாகியிருந்தது. மாலையில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். கடற்கரைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஈர மணலில் நடப்பார். ஒரு நாள் கிளிஞ்சல் குத்திக் குதிகால் கிழிந்தது. அண்ணி பார்த்துப் பதறி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினார். அண்ணன் யோசித்தார். "வலி இருந்தா புண்ணு ஆழம்னு அர்த்தம். எனக்கு வலியே இல்ல. அப்ப புண்ணு பெருசு இல்ல" என்றார். கேட்க ஒழுங்கான கணக்குதான். அந்த நோய் பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிடும் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. அண்ணி வழக்கம்போல் ஒதுங்கிக்கொண்டார். மருந்து தடவிக் கட்டுப்போட்டுக்கொண்டே பள்ளிக்குப் போய்வந்தார் அண்ணன். விரல்கள் கறுத்து, குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

காலை எடுக்க வேண்டும் என்று கேட்டதும் அண்ணன் முடியாது என்றார். காரணம் கேட்டதற்கு, "முடியாதுன்னா முடியாது" என்றார். காரணமில்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிரான்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்ட எங்கள் சித்தப்பா அங்கே இருந்தார். குடும்பத்தில் பெரியவர். அண்ணன் படும் பாட்டை அவரால் தாங்க முடியவில்லை. "அவனே வேணாங்குறான். நாட்டு வைத்தியர் ஒருத்தர் இருக்காரு, பச்சிலையிலயே காய வச்சுடுவாரு. நாளைக்குக் காலையில கொண்டுபோவோம்" என்றார். என்னாலும் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. அண்ணன் கண்ணைப் பார்த்துக்கொண்டு காலை எடுக்கலாம் என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை. அண்ணி அறைக்குள் போய், கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கால் இல்லாம ஒங்களால பாடம் நடத்த முடியுமா முடியாதா?" என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "முடியும். நாற்காலில ஒக்காந்து நடத்தலாம். உசுரு இல்லாம முடியுமா? முடியாதுல்ல? அப்பறம் என்ன யோசன?" அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அவர் எதையோ தேடினார் என்றும், அது அங்கே இல்லை என்றும் எனக்குத் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். சித்தப்பா கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கால் போயிற்று, ஆள் பிழைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது.

அண்ணி பழையபடி ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் எழுந்த அந்தப் பக்கம் உள்ளே போகவே மறுத்தது. சாப்பாடு, மருந்து, ஊசி, தூக்கம் எல்லாவற்றுக்கும் சட்டம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஆசையாகக் கொண்டுவந்த அடையை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். நலம் விசாரிக்க வந்த சித்தப்பாவிடம், "ஒங்க பேச்சக் கேட்டிருந்தா இந்நேரம் படத்துக்கு மால போட்டிருப்போம்" என்றார். சொன்னது உண்மை. சொன்ன விதம்தான் எல்லாரையும் அடித்தது. எல்லாமே அவருக்குச் சரி அல்லது தப்பு, நடுவில் எதுவும் கிடையாது. வருஷக்கணக்காக அறிவைக் கையாண்டவர்களுக்குத்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். அண்ணிக்கு அது புதுச் சைக்கிள், பிரேக் எங்கே என்று பிடிபடவில்லை. "அந்தம்மாவா இது?" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அண்ணன் வேறு விதமாக மாறினார். விளம்பரத்தில் தகப்பன் ஒருவன் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பினால் தேம்பினார். பழைய மாணவன் பார்க்க வரவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார். துபாயிலிருந்து மகன் தொலைபேசியில் பேசும்போது குரல் கொஞ்சம் அவசரமாக இருந்தால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. எல்லாவற்றுக்கும் மேல் அவருக்கு ஒரு குறை, என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்வார். "ஒங்க அண்ணி ஊருக்கெல்லாம் அழுவா. என் கால எடுத்தப்ப ஒரு சொட்டு விடல, பாத்தியா?" அழுதால் என்ன தீரும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் இப்போது ஒருவருடைய கண்ணீருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒரே கூடத்தில் அவர் அன்பைக் கேட்டார், அண்ணி மருந்தைக் கொடுத்தார். இரண்டு பேரும் பழகாத பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரண்டு மாற்றத்துக்கும் உளவியலில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் அடுக்களையில் அண்ணியிடம் அதை விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார். "பேரு வச்சுட்டா சரியாயிடுமா?" என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீழேயிருந்து சத்தம் கேட்டு இறங்கி வந்தேன். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டபின் ஏதோ மனத்தாங்கலில் அண்ணன் சாப்பாட்டைத் தள்ளி வைத்திருக்கிறார். உப்பு கம்மி என்று சொன்னதற்கு, உப்பு கம்மியாகத்தான் இருக்க வேண்டும் என்று அண்ணி பதில் சொன்னதுதான் தகராறு. இப்போது அவர் கட்டிலில் சாய்ந்து, உடம்பெல்லாம் வியர்த்து, கூப்பிட்டால் குழறிக்கொண்டிருந்தார். சர்க்கரை இறங்கிவிட்டது. அண்ணி மளமளவென்று சர்க்கரையைக் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரம் போல ஆயிற்று. அண்ணன் கண்ணைத் திறந்து, "என்னாச்சு?" என்று தெளிவாகக் கேட்டார்.

அந்தக் கேள்வியில் அண்ணி உடைந்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் தலையை வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். ஆஸ்பத்திரியில் அழ வேண்டியது, சித்தப்பா கோபித்துக்கொண்டு போனபோது அழ வேண்டியது, கட்டு மாற்றும்போதெல்லாம் அழ வேண்டியது, எல்லாம் சேர்ந்து வந்தது. "சோறு சாப்புடாம செத்துப் போயிருப்பீங்களேங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி அண்ணியின் தலையில் வைத்தார். மேசையைத் துடைக்கிறவர் மாதிரி அந்தக் கை இப்படியும் அப்படியும் போயிற்று, தலை தடவ அவருக்குத் தெரியாது. "நீ அன்னைக்கு இப்படி அழுதிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்" என்றார். "நீயும் பயந்துட்டன்னு நெனச்சு நானும் பயந்து, சித்தப்பா கூடப் போயிருப்பேன்." சொல்லும்போது அவர் குரலில் பழைய கணக்கு வாத்தியார் இருந்தார், கண்ணில் தண்ணீரும் இருந்தது. இரண்டையும் சேர்த்து நான் பார்த்தது அன்றுதான்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அதற்குப் பிறகும் அண்ணி சட்டம் பேசினார், அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அளவு தெரிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அடைக்கு அனுமதி கிடைத்தது, பாதி. சித்தப்பா வீட்டுக்கு அண்ணியே போய் மன்னிப்புக் கேட்டார், சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. செயற்கைக் கால் பொருத்தி அண்ணன் பள்ளிக்குத் திரும்பினார். வகுப்பில் ஒரு பையன் அழுதால் ஏன் என்று விசாரிக்கிறாராம், சக ஆசிரியர் ஒருவர் ஆச்சரியமாகச் சொன்னார். இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்.

போன மாதம், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் காரைக்கால்மேட்டு அம்மா கூடையில்லாமல் வந்து நின்றார். படகில் மீன்பிடிக்கப் போகும் அவர் வீட்டுக்காரருக்கும் அதே நோய், காலில் அதே புண். எடுக்க வேண்டும் என்கிறார்களாம், அவர் மாட்டேன் என்கிறாராம். "சார் வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாருங்க" என்றார். அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் அந்த மனிதருக்குக் காரணகாரியம் எடுத்துச் சொல்வார் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணனோ கட்டிலில் உட்கார்ந்து வேட்டியைத் தூக்கித் தன் செயற்கைக் காலைக் காட்டினார். "பயமாத்தான் இருக்கும்ப்பா. நான் ரொம்ப பயந்தேன்" என்றார். அந்தப் படகுக்காரர் அழத் தொடங்கினார், அண்ணனும் கூடவே. வெளியே அண்ணி, அந்த அம்மாவை உட்கார வைத்து, மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் படகுக்காரர் சம்மதித்துவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் இருவருக்கும் சண்டை. "அந்தம்மாகிட்ட அவ்வளவு கறாராப் பேசியிருக்க வேணாம் நீ" என்றார் அண்ணன். "நீங்க அந்தாளோட சேந்து அழுதீங்களே, அதுக்கென்ன அவசியம்?" என்றார் அண்ணி. "அழுததாலதான் ஒத்துக்கிட்டான்." "ஒரு காரணம் சொல்லுங்க, ஏத்துக்குறேன்." அண்ணனிடம் காரணம் இல்லை. முன்னால் அமர்ந்து ஓட்டிக்கொண்டிருந்த இளைஞன் ஊருக்குப் புதுசு. பக்கக் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "கணக்கு வாத்தியார் வீட்டு சவாரின்னு சொல்லி அனுப்புனாங்க. ரெண்டு பேருல யாருங்க வாத்தியார்?" என்று கேட்டான். அண்ணன் சிரிக்காமல் அண்ணியைக் கைகாட்டினார். அண்ணி மறுக்கவில்லை.