எழுப்பாமல் விட்ட இரண்டரை மணி நேரம்

இரண்டு வருடங்களுக்கு முன், மாரி மழை தொடங்கியிருந்த நாட்களில் நடந்தது இது. கல்முனைக்குப் பக்கத்தில், கடற்கரையை ஒட்டி எங்கள் வீடு. என் கணவர் மீன் லொறி ஓட்டுபவர். பின்னேரம் ஐஸ் போட்டு மீன் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், மலைப்பாதையால் போய் விடியும்போது கொழும்பில் நிற்பார். மீனை இறக்கிவிட்டு உடனே திரும்புவார். ஒருநாள் விட்டு ஒருநாள் இதே ஓட்டம். நான் டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். அவர் வீட்டில் இருந்தால் நான் பாமசியில், நான் வீட்டுக்கு வந்தால் அவர் ரோட்டில். கலியாணம் முடித்து பதினான்கு வருடங்களில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று எங்கேயும் போனதே இல்லை.

அந்த வாரம் பெயின்ட் அடிப்பதற்காக பாமசியை இரண்டு நாள் பூட்டினார்கள். முதல் நாளில் அவருக்கும் பின்னேரம் வரை வேலையில்லை. முந்தின நாள் சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"நாளைக்குக் காலையில எங்கயாச்சும் போயிட்டு வருவமா மச்சான்?"

இல்லை என்பார் என்றுதான் நினைத்தேன். "ஓம், போவம்" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தார்.

அவர் தானாகப் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான். பிள்ளைகளோடு விளையாடுவதில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி கிடப்பார். எனக்கு ஒரு காரணம்தான் தெரிந்தது. நான் வேலைக்குப் போகத் தொடங்கியது அவருக்கு அவ்வளவாகப் பிடித்திருக்கவில்லை. அந்தக் கோபம்தான் இப்படி உள்ளே கிடந்து புகைகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். நானும் முகம் கொடுக்காமல் இருந்தேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் விருந்தாளிகள் போல நடமாடிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பள்ளி விட்டதும் என் மூத்த சகோதரி ராத்தா வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, ரொட்டியும் மாசிச் சம்பலும் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். கடல் பக்கம் வேண்டாம் என்றார். அது அவருக்கு மீன் வாடை, வேலை ஞாபகம். ஆகவே மேற்கே திருப்பினோம்.

கிட்டங்கித் தாம்போதிக்கு வந்தபோது எட்டு மணி இருக்கும். ஆற்றின் மேல் பனி இன்னும் கலையவில்லை. இரண்டு பக்கமும் நீர், நடுவில் தாழ்வாகப் போட்ட ரோட்டு; அதுதான் தாம்போதி. நீர் ரோட்டு மட்டத்துக்குச் சற்றுக் கீழே அசையாமல் கிடந்தது. வானமும் தண்ணீரும் ஒரே நிறத்தில் இருந்ததால் எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. ஒரு தோணி பனிக்குள் நின்றது. அதில் இருந்தவர் வலையை எறிந்தார். வலை விழுந்த சத்தம் சற்றுப் பிந்தித்தான் எங்களுக்குக் கேட்டது. மோட்டார் சைக்கிள் தானாகவே மிதந்து போவது போல இருந்தது. நான் அவர் தோளில் கையை வைத்தேன். வைத்து எவ்வளவு காலம் என்று அப்போதுதான் நினைத்தேன்.

தாம்போதியைத் தாண்டினால் நாவிதன்வெளி. கண்ணுக்கு எட்டும் வரை வயல். அங்கே அதை வட்டை என்பார்கள். நாற்பது நாள் பயிர். காற்று வந்தால் பச்சை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளுத்து, பிறகு மெல்ல நிமிர்ந்தது. வாய்க்கால் ஓரம் ஒரு பெரிய மருத மரத்தின் கீழ் நிறுத்தினோம். ரொட்டி சாப்பிட்டோம். பிளாஸ்கில் கொண்டுபோன, பால் கலக்காத பிளேன்ரீயை ஒரே மூடியில் மாறி மாறிக் குடித்தோம்.

அவர் மரத்தின் வேரில் தலையை வைத்துச் சாய்ந்தார்.

"பத்து மணிக்கு எழுப்பு புள்ள. மூணு மணிக்கு ஐஸ் போடணும்" என்றார். சொல்லி முடிக்கும்போதே நித்திரையாகிவிட்டார்.

அந்த நித்திரையை நான் எப்படிச் சொல்வது? குழந்தைகள்தான் அப்படித் தூங்கும். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை புல்லில் விரிந்து கிடந்தது. இலைகளுக்கு இடையால் விழுந்த வெயில் அவர் முகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. வெயில் கண்ணுக்கு வந்தபோது என் முந்தானையால் மறைத்தேன். வெள்ளைக் கொக்குகள் வரம்பில் வந்து நின்றன, பறந்தன, திரும்பவும் வந்தன. வாய்க்கால் தண்ணீர் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய தாடியில் நான் அறியாமலே இத்தனை நரை வந்திருந்தது. பதினான்கு வருடத்தில் அவரை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நான் இருந்ததில்லை. கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. 

பத்து மணி ஆனது. இன்னும் அரை மணி நேரம் என்று விட்டேன். பதினொன்று ஆனது. எழுப்பக் கையைக் கொண்டுபோனேன், மனம் வரவில்லை. பிறகு நேரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். 

அவரை எழுப்பியது மழை. பன்னிரண்டரைக்கு முகத்தில் ஒரு துளி விழ, திடுக்கிட்டு எழுந்து, இரண்டு கைகளாலும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்களில் அப்படி ஒரு பயம். பிறகு என்னைப் பார்த்தார், மணியைப் பார்த்தார்.

"எழுப்பச் சொன்னன்தானே!"

அவர் சத்தம் போடுவது அரிது. நான் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.

தாம்போதிக்கு வந்தால், காலையில் பார்த்த ரோட்டைக் காணவில்லை. மேலே எங்கோ கொட்டிய மழை ஆற்றில் இறங்கியிருந்தது. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ரோட்டைக் கடந்து பழுப்பாக ஓடியது. இரண்டு பக்கமும் சனம் நின்றது. மூன்று மணிக்கு லொறிக்கு ஐஸ் போட வேண்டும் என்று அவர் சொன்னபோது, சுற்றிப் போக வேறு பாதை உண்டு, ஆனால் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று நின்றவர்கள் சொன்னார்கள்.

"நீ இஞ்ச நில்லு. தண்ணி வத்தினதும் வா. நான் போறன்" என்றார்.

"வேணாம் மச்சான்."

அவர் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளைத் தண்ணீருக்குள் விட்டார். பத்துப் பதினைந்து கஜம் போயிருப்பார். முன் சில்லு பக்கவாட்டில் இழுபட்டது. எஞ்சின் நின்றது. அவர் கால் ஊன்றினார், ஊன்றிய கால் வழுக்கியது. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. அப்போது கரையில் உழவு இயந்திரத்தோடு நின்ற ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஓடினார். மோட்டார் சைக்கிளின் பின் கரியரைப் பிடித்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து நின்றார். இன்னும் இரண்டு பேர் ஓடினார்கள். மூன்று பேருமாக அவரையும் மோட்டார் சைக்கிளையும் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

அந்த மனிதருக்கு என் கணவரின் வயதுதான் இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டே, "லொறிக்கு வேற றைவர் கிடைப்பான் காக்கா" என்றார். எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்போம்; அவரும் அப்படியே அழைத்தார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு மழை பெலத்துவிட்டது. "ஏறுங்க, என்ட வாடி கிட்டத்தான்" என்று எங்களை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்.

வயலுக்குள் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த சின்னக் காவல் குடில் அது. அவருடைய மனைவி அடுப்படியில் இருந்தார். நனைந்து வந்த என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. தன் சேலை ஒன்றை எடுத்து நீட்டினார். 

"மாத்துங்க தங்கச்சி. சோறு இரிக்கி. குளத்து மீனும் கீரையும்தான். வேற இறைச்சி ஒண்டும் இந்தச் சட்டியில ஆக்கிறல்ல, நீங்க தாராளமாச் சாப்பிடலாம்."

ஹலாலா என்று நான் கேட்காமலே எனக்கு வேண்டிய பதிலைச் சொன்னார். மதியத் தொழுகையான லுஹர் தொழ இடம் கேட்டபோது, முகட்டில் சொருகியிருந்த பாயை இழுத்தார். "புதுசு. இன்னும் ஒருத்தரும் விரிக்கல்ல" என்று தன் கையாலேயே விரித்துவிட்டார். 

தொழுதுவிட்டு அந்தப் பாயிலேயே இருந்தேன். கிடுகில் மழை விழும் சத்தம், அடுப்புப் புகை, ஈர மண் வாசம். நடப்பதெல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் இருவரும் இருந்தார்கள். அங்கேதான் என் கணவரின் குரல் கேட்டது. ஒரு மாதமாக நான் கேட்காத குரல்.

"போன மாசம் கொழும்பால வெறும் லொறியோட வாறன். பகல். மலையில மூடுபனி. கண் அசந்துபோச்சி. முழிச்சா முன்னால ரோட்டு இல்ல அண்ணன். வெறும் மேகம். ரோட்டு வேலைக்காரர் ஓரத்தில குவிச்சு வச்ச கல்லில லொறி முட்டி நிக்கிது. அந்தக் கல்லு இல்லாட்டி..." 

கோப்பை ஒன்றைக் கீழே வைத்த சத்தம் கேட்டது, அவரே தொடர்ந்தார்.

"அதுக்குப் பிறகு கண்ண மூடினா அந்த மேகம்தான் வருது. படுக்க ஏலாது. நித்திரை இல்லாமலே திரும்பவும் ஓடுறன். இண்டைக்கித்தான், அந்த மரத்துக்குக் கீழ, எப்பிடித் தூங்கினன் எண்டு தெரியா."

"வீட்ட சொன்னயளா?"

"இல்ல. சொன்னா பயந்திருவா."

"இப்ப மட்டும் பயப்படாமலா இரிக்கா? கரையில நிண்டு கத்தின சத்தம் எனக்குத்தானே கேட்டது."

நான் பாயில் இருந்தபடியே அழுதேன். அந்த அக்கா கண்டும் காணாதது போல அடுப்பில் விறகைத் தள்ளினார். ஒரு மாதமாக ஒரு மனிதர் மரணத்தைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார். என் பாமசி வேலைக்காக அவர் கோபமாக இருப்பதாக நினைத்து நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன்.

எழுந்து தட்டியைத் தாண்டிப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கேட்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "முதலாளிக்கு அடிங்க. இண்டைக்கு ஏலாது எண்டு சொல்லுங்க. வெள்ளம் எண்டு சொல்ல வேணாம். உள்ளதச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தபடியே நின்றார். அவருக்குப் பிடித்த தொழில் அது. முதலாளியிடம் பன்னிரண்டு வருடம் ஒரு ஏச்சுச் சொல் கேட்டதில்லை. "நித்திரை வருகுது" என்று ஒரு சாரதி வாயால் சொன்னால் பிறகு யார் அவரை நம்பி லொறியைக் கொடுப்பார்கள்? அது எனக்கும் தெரியும். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அடித்தார். "இண்டைக்கு நான் ஓட மாட்டன் முதலாளி. போன மாசம் லொறி முட்டினது, நான் சொன்ன மாதிரி மாடு குறுக்க வந்ததால இல்ல. நான் தூங்கிட்டன்" என்றார். மறுபக்கத்தில் குரல் உயர்ந்தது எங்களுக்கே கேட்டது. பிறகு லைன் அறுந்தது. அவர் போனைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் இருந்து மழையைப் பார்த்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. வயலின் மேல் மழை வெள்ளைத் திரை போல நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. அவர் என் தோளில் சாய்ந்து இன்னொரு முறை தூங்கினார். அந்த வீட்டுக்காரர் இருவரும் மெல்லிய குரலில் கதைத்தார்கள். 

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. கரையில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பின்னால் கொளுவிய பெட்டியில் ஏற்றி, எங்களையும் ஏற்றி, அந்த மனிதர் தன் உழவு இயந்திரத்தில் தாம்போதியைக் கடத்திவிட்டார். வாடியில் புறப்படும்போதே அந்தச் சேலையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்கா வாங்கவில்லை. "அடுத்த முறை வரக்குள்ள உடுத்திட்டு வாங்க" என்றார்.

முதலாளி ஒரு வாரம் கூப்பிடவே இல்லை. அந்த ஒரு வாரமும் என் கணவர் கடற்கரைக் காற்றில் படுத்துத் தூங்கினார். பிறகு ஒரு நாள் முதலாளியே வீட்டுக்கு வந்தார். பிளேன்ரீ குடித்துவிட்டு, இரண்டாவது சாரதி ஒருவரைப் போடுவதாகச் சொன்னார். தானும் இளமையில் லொறி ஓட்டியவர் என்றும், ஒரு தரம் தனக்கும் அப்படி நடந்தது என்றும், அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னார். இப்போது மலையில் ஒருவர் ஓட்ட, மற்றவர் தூங்குகிறார்.

அந்தத் தம்பதியை வெள்ளாமை வெட்டும் காலத்தில் பிள்ளைகளோடு போய்ப் பார்த்து வந்தோம். இன்றைக்கும் பாமசியில் நின்றாலும் வீட்டில் இருந்தாலும், முகம் கொடுத்துப் பேசாத ஒருவரைக் கண்டால், என்மேல் என்ன கோபம் என்று மனதுக்குள் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, "ராத்திரி நித்திரை கொண்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு எத்தனை பேருக்குக் கண் கலங்குகிறது என்பதைப் பார்த்தால், நான் அந்த ஒரு மாதம் கேட்காமல் இருந்தது எவ்வளவு பெரிய தவறு என்று ஒவ்வொரு முறையும் புரிகிறது.