ஏரியைப் பார்த்த அன்ரெனா

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வடகடல் பக்கம் போகும் நெடுஞ்சாலையில் வீடு போல் தங்கக்கூடிய ஒரு கேம்பர் வண்டி எரிந்துபோனதாகக் கைபேசியில் செய்தி வந்தது. படத்தில் இருந்த வண்டி வெள்ளை. என் மகளும் அவளுடைய தோழிகளும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போன வண்டியும் வெள்ளை. ஜெர்மனியில் கேம்பர் வண்டிகள் பெரும்பாலும் வெள்ளைதான் என்பது அப்போது எனக்கு நினைவு வரவில்லை. எத்தனை தடவை அழைத்தும் அவள் எடுக்கவில்லை. எங்களோடு இருக்கும் அம்மா, "பிள்ளை கதைச்சவளோ?" என்று கேட்டார். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஓம் அம்மா, அங்கை நல்ல வெயிலாம்" என்றேன். அம்மா கவிழ்ந்து கிடந்த கைபேசியைப் பார்த்தார். இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

பின்னேரம் மகளே அழைத்தாள். "அம்மா, கேம்பரிலை ரீவி ஒண்டும் தெரியுதில்லை. மேட்ச் தொடங்கப்போகுது, என்ன செய்யிறது?"

திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன்: அன்ரெனாவை வண்டிக்கு வெளியே எடு, தகரத்துக்குள் இருந்தால் அது குருடு. பக்கத்து வண்டிக்காரரின் அன்ரெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்து அப்படியே திருப்பு. பிறகு சேனல்களைப் புதிதாகத் தேடவிடு. இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். என் மாமா செய்த பிழைகளிலிருந்து தெரியும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கலாம். ஜெர்மனியின் எசன் நகரில் இருந்தோம். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கூட வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவரிடம் பழைய கேம்பர் வண்டியொன்றை இரவல் வாங்கி வந்தார். ஏரிக்கரையில் ஏழு நாள், ஒரு முழுக் கிழமை. எங்கள் குடும்பத்தின் முதல் விடுமுறை அது. அப்பா மட்டும் வர மறுத்தார். காரணம் எட்டு மணிச் செய்தி. யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அங்கேயிருந்த அம்மாவின் அக்காவைப் பற்றி மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. ஜெர்மன் செய்தியில் எங்கள் நாடு ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்காதான் வரும். அந்த அரை நிமிடத்துக்காக அப்பா ஒவ்வொரு நாளும் காவல் இருந்தார்.

"அத்தான், நீங்கள் வண்டியிலை ஏறுங்கோ. ரீவிக்கு நான் பொறுப்பு" என்றார் மாமா.

மாமா வெறும் வாய்ச்சொல் வீரர் அல்ல. ஊரில் கமுகந்தடியின் நுனியில் அன்ரெனா கட்டி, கடலைப் பார்க்கத் திருப்பி, இந்தியாவிலிருந்து படம் இழுத்துக் கொடுத்தவர். கார் பற்றரியில் தொலைக்காட்சி ஓட்டியவர். ஆகவே ஏரிக்கரைக்குப் போனதும் வண்டி கூட்டுகிற தும்புத்தடியில் அன்ரெனாவைக் கட்டி, தண்ணீரைப் பார்க்க நிறுத்தினார். அலை தண்ணீருக்கு மேலால் வழுக்கிக்கொண்டு வரும் என்பது அவருடைய சித்தாந்தம். தொலைக்காட்சிப் பெட்டியில் வெண்புள்ளிகள்தான் கொதித்தன. ரொட்டி சுற்றிவந்த அலுமினியத் தாளைப் பிரித்துக் கம்பிகளில் சுற்றினார். புள்ளிகள் இன்னும் பெரிதாகக் கொதித்தன. அப்பா அவற்றுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வண்டிக் கிழவர் நாயோடு வந்து நின்று பார்த்தார். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பது என் வேலை. "மாமா, கோபுரம் எங்களுக்குப் பின்னாலை, மலையிலை இருக்காம். எல்லாரும் அந்தப் பக்கம்தான் திருப்பி வைச்சிருக்கினமாம்."

சுற்றிப் பார்த்தோம். அத்தனை வண்டிகளின் அன்ரெனாக்களும் மலையைப் பார்த்தன. எங்களுடையது மட்டும் ஏரியைப் பார்த்தது.

"அதுதான் அவையளுக்கு இந்தியப் படம் வாறேல்லை" என்றார் மாமா.

அம்மாதான் எழும்பிப் போய்த் தும்புத்தடியைப் பிடுங்கி மலைப்பக்கம் திருப்பினார். படம் வந்தது. கையை விட்டால் போனது, பிடித்தால் வந்தது. எனவே அம்மா வெளியே தடியோடு நிற்பதென்றும் அப்பாவும் நானும் உள்ளே பார்ப்பதென்றும் முடிவாயிற்று.

"தெரியுதோ?"

"ஓம், ஓம். அப்பிடியே பிடியும், அசையாதையும்."

முதலில் மந்திரிகள் வந்து போனார்கள். பிறகு பனைமரங்கள். மூட்டை கட்டிய சைக்கிள்களை உருட்டிக்கொண்டு போகும் சனம். கூரையில்லாத ஒரு தேவாலயம். அறிவிப்பாளர் சொன்னதை நான் கவனிக்கவில்லை. படம் இவ்வளவு துல்லியமாக வந்துவிட்டதே என்று பூரித்துப்போயிருந்தேன். அப்போது அப்பா பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு வயரை இழுத்தார். மறுபடியும் வெண்புள்ளிகள்.

"என்னப்பா, படம் போயிட்டுதோ?" வெளியிலிருந்து அம்மா.

"ஓம், போயிட்டுது."

"என்ன சொன்னவங்கள்?"

"வானிலை."

"எங்கை மழையாம்?"

வாய் திறக்கப்போன என் முழங்காலில் அப்பாவின் கை அழுத்தியது. "இஞ்சை இல்லை" என்றார்.

எனக்கு அப்பாவின் மேல் கடும் கோபம். இவ்வளவு பாடுபட்டு இழுத்த படத்தை யாராவது கெடுப்பார்களா? வெளியே, "விடுங்கோ அக்கா, கை உளையும்" என்று மாமா சொல்வது கேட்டது. அம்மா தடியை விடவில்லை. வெயில் முழுதாக இறங்கும் வரைக்கும், படமில்லாத பெட்டிக்காக, அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு அந்த விடுமுறையில் அப்பா தொலைக்காட்சியைத் தொடவேயில்லை. மாமா அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்.

அந்த வருடக் கடைசியில், பனி கொட்டிய ஒரு நாள் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. பெரியம்மா பிள்ளைகளோடு தப்பி வந்துவிட்டார். அம்மா ரிசீவரை வைத்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "இப்ப சொல்லுங்கோ. அண்டைக்கு எங்கை மழை?" என்றார்.

அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பனிக்காலத்தில் இருந்துகொண்டு கோடை மழையை விசாரிப்பது எனக்கு விசித்திரமாகப் பட்டது. அம்மா பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த வீட்டில் ஞாபகசக்தி உள்ளவள் நான் ஒருத்திதான் என்ற பெருமையோடு சொன்னேன்: "அண்டைக்கு மழையே பெய்யேல்லை, அம்மா. நல்ல வெயில்."

அம்மா என்னைத் திருத்தவில்லை. "ஓம் பிள்ளை" என்றார், "நல்ல வெயில்தான்."