குதிரை வியாபாரி சிறையில் இருந்த காலம்

எங்கள் வீட்டில் சாமியைப் பற்றிக்கூட எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்தான். மடைப்பள்ளி ஐயாவைப் பற்றித்தான் ஆளுக்கு ஒன்று இருந்தது.

மடைப்பள்ளி ஐயா ஒரு துப்பறியும் கதைத் தொடரின் நாயகர். பாண்டியர் காலத்தில் பெரிய கோயில் ஒன்றின் மடைப்பள்ளியில் சமைப்பவர். ஊரில் யாராவது செத்துக் கிடந்தால் அதிகாரிகள் அவரைத்தான் கூட்டிவருவார்கள். அவர் பாத்திரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, விஷம் பாலில் கலந்ததா எண்ணெயில் கலந்ததா என்று சொல்வார். சென்னையில் பாகம் பாகமாக அச்சாகி வந்த அந்தப் புத்தகங்களைக் கண்டியிலிருந்து வாங்கிவருபவர் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த நானா. முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிட்டது.

வாங்கியவர் அவர். ஆனால் அவர் முதலில் படிக்கமாட்டார். கதையில் ஒரு அரபுக் குதிரை வியாபாரி உண்டு. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நானாவுக்குப் பயம்.

"எந்தப் பாகத்துல கொல நடந்தாலும் மொதல்ல குதிர யாவாரியத்தான் புடிக்கிறாங்க. அவரு பாவம், குதிரய வித்துட்டு ஊருக்குப் போகத்தானே வந்தீக்கிறாரு" என்று கடை வாசலில் நின்று அங்கலாய்ப்பார். புத்தகத்தை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று இங்கிருந்து தகவல் போன பிறகுதான் தைரியமாகத் திருப்பி வாங்கிப் படிப்பார்.

எங்கள் வீட்டிலும் ஒரு வரிசை இருந்தது. பெரியம்மாதான் முதலில் படிப்பார். அம்மாவின் அக்கா. எங்கள் வீட்டை ஒட்டிய அறையில் பெரியப்பாவோடு குடியிருந்தார், பிள்ளைகள் இல்லை. அடுத்து அம்மா. அம்மா படித்து முடிக்கும் வரை பெரியம்மா வாயைத் திறக்கக்கூடாது. முடித்த நிமிடத்திலிருந்து இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள்.

அம்மாவுக்குத் தொடர் கெட்டுப்போய்விட்டது என்று எண்ணம். "எத்தன தடவதான் அதே ஊமத்தங்காய அரைப்பாரு? எழுதறதுக்கு ஒண்ணுமில்லன்னா பேசாம இருக்கலாமில்ல" என்பாள். பெரியம்மா விட்டுக்கொடுக்கவே மாட்டார். "அவருக்கும் வயசாகுதில்ல, பாவம். நீ மட்டும் தெனமும் புதுசாவா கொழம்பு வைக்கிற?" என்பார். புத்தகமே தொடாத அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, பாண்டியர் காலத்தில் மிளகாய் ஏது, அது பறங்கிக்காரன் கொண்டுவந்ததல்லவா என்று கேட்டுவிட்டு, அக்கா தங்கை இருவரிடமும் ஒன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் ஒரே கட்சி. அந்தச் சண்டைகளின் சத்தம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

கடைசியாக வந்த பாகத்தில் கோயில் பொக்கிஷக் காவலன் கொல்லப்பட்டான். குதிரை வியாபாரியைச் சிறையில் போட்டார்கள். விடிந்தால் தண்டனை என்ற இடத்தில் 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் இறக்குமதியைத் தடுத்துவிட, இந்தியாவிலிருந்து புத்தகம் வருவதே நின்றுபோனது. ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம் அது, புத்தகத்துக்கு யார் அழுதார்கள்? நாங்கள்தான். கொன்றது மந்திரியின் மனைவி என்று அம்மாவும், இளைய அர்ச்சகர் என்று பெரியம்மாவும் மாதக்கணக்கில் வாதாடினார்கள். யாராக இருந்தாலும் சரி, குதிரை வியாபாரி இல்லை என்றார் நானா.

அப்படி இருக்கும்போதுதான் பெரியப்பாவுக்கு இந்தியாவுக்கே குடிபோக அனுமதி வந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சம் என்று எங்களைப் போன்றவர்களை இரண்டில் ஒரு நாட்டைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள். அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தார், பெரியப்பா இந்தியாவுக்கு. இரண்டு பேருக்கும் கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் கால் தரையில் பாவவில்லை. பெரியம்மா போகப்போவது மடைப்பள்ளி ஐயாவின் ஊருக்கு. அங்கே அடுத்த பாகம் எப்போதோ வந்திருக்கும். பாலத்தடிக் கடைகளில் எல்லாம், "எங்க பெரியம்மா போய் யாரு கொன்னதுன்னு எழுதப்போறாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நானாவிடம் சொன்னபோது அவர் என் தலையைத் தடவினார்.

கண்டி ஸ்டேஷனில், இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிறவர்கள் கூட்டம். பிறந்ததிலிருந்து பார்த்தேயிராத ஊருக்குத் தகரப்பெட்டிகளோடு திரும்பிப் போகிறவர்கள். எல்லோரும் அழுதார்கள். அம்மா அழவில்லை. கோச்சி நகரத் தொடங்கியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"அக்கா, நீ மொதல்ல படி. யாருன்னு மட்டும் எழுதிடாத. நான் படிச்சிட்டு எழுதறேன், அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நானும் ஓடினேன். "எனக்கு மட்டும் எழுதுங்க பெரியம்மா!" என்று கத்தினேன். பெரியம்மா தலையை ஆட்டினார்.

கூடலூரிலிருந்து கடிதங்கள் வந்தன. தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது, குளிர் நம்ம ஊரைவிட அதிகம், அட்டைக்கடி தாங்கவில்லை என்றெல்லாம் இருக்கும். கொலைகாரனைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. இங்கே துணிக்கடைக்கு எதிரே குடியிருந்தவர், கடைக்கணக்கு எழுதிய பெரியப்பாவின் மனைவி, அங்கே போய்க் கொழுந்து பறிக்கிறார் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் "படிச்சியா?" என்று கேட்பாள். "இன்னும் கைக்கு வரல. நீ காத்திருக்காத" என்று பதில் வரும். இந்தியாவில் இருந்துகொண்டு இந்தியப் புத்தகம் கிடைக்கவில்லையாம்! பெரியம்மா சரியான சோம்பேறி என்று முடிவு கட்டினேன்.

ஆட்சி மாறிப் புத்தகங்கள் மறுபடியும் வரத் தொடங்கின. ஒரு நாள் நானா அடுத்த பாகத்தோடு வந்தார். வழக்கம்போல அவர் அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை. அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். அட்டையைத் தடவினாள். அப்படியே கொண்டுபோய் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா கண்டிக்குப் போயிருந்த ஒரு நாளில், சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் படித்து முடித்தேன். அம்மா சொன்னதும் தப்பு, பெரியம்மா சொன்னதும் தப்பு. குதிரை வியாபாரி விடுதலையாகி, கப்பலேறித் தன் ஊருக்கே போய்விட்டார். கடைசிப் பக்கத்தில் துறைமுகத்தில் நின்று மடைப்பள்ளி ஐயா அழுகிறார்.

நான் முதலில் நானாவிடம் ஓடினேன். "நானா, குதிரை வியாபாரி..." என்று தொடங்கியதுமே அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "வேணாம் மகள். பெரியம்மா சொல்லட்டும்" என்றார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அம்மாவை வாசலிலேயே மறித்தேன். "அம்மா, கொன்னது..." என் வாயை அவள் பொத்திவிட்டாள். கையில் பஸ் கம்பியின் வாசனை. அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை.

"அக்கா இன்னும் படிக்கலடி" என்றாள்.

அந்தக் குதிரை வியாபாரி நிரபராதி என்று கட்டுகஸ்தோட்டையிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். இவ்வளவு நல்ல செய்தியைக் கேட்க ஒருவருமே ஏன் தயாராக இல்லை என்று எண்ணி எண்ணி, அன்றைக்கு நான் கோபத்தில் சாப்பிடாமலே படுத்துக்கொண்டேன்.