ஓதெத்தின் மூச்சு

"நாளைக்கு நோயாளிப் பட்டியல்ல முதல் பேரு என்னுது. பாத்தியா?" என்று ஓதெத் கேட்டது மருத்துவமனையின் உடை மாற்றும் அறையில்.

காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த, கூட வேலை செய்யும் மிலேன் நிமிர்ந்தாள். இடது மார்பில் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி, ஆரம்ப நிலைப் புற்று என்று ஓதெத் சொன்னாள். வீட்டில் சொன்னீர்களா என்றதற்கு, அக்கா யுகெத்திடம்கூட இல்லை என்றாள். யுகெத்துக்கு எட்டு வருடம் முன்பு மார்பை எடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துக் கை இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

"எனக்குக் கத்தி வேண்டாம், மிலேன். அதான் ஒலி அலையால கட்டியைச் சுடுற ரிவார் டாக்டரோட ஆய்வுல சேந்துட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில நீ உக்காரு."

"அசையாம படுப்பீங்களா?"

"யாருகிட்ட கேக்குற?"

கியூபெக் நகரில் அந்த மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தவர்கள் எல்லோருக்கும் ஓதெத்தின் குரல் தெரியும். ஸ்கேன் இயக்குபவளாக இருபத்தாறு வருட வேலை. மூச்சை இழுங்க, அடக்குங்க, இப்ப விடுங்க என்று அவள் பதிவு செய்து வைத்ததுதான் இன்றும் இயந்திரத்தில் ஒலிக்கிறது; அடக்கச் சொன்னதும் இயந்திரச் சத்தம் தொடங்கும். மளிகைக் கடை வரிசையில் அவள் பேசியதும் முன்னால் நின்ற பெரியவர் மூச்சை அடக்கிக்கொண்டார் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மறுநாள் அவள் ஸ்கேன் மேசையில் குப்புறப் படுத்தாள். மார்பு மேசையிலிருந்த தண்ணீர்க் குழியில் இறங்கியிருந்தது. கையில் நிறுத்தும் பொத்தான். கீழிருந்து வரும் ஒலி அலைகள் தோலைக் கிழிக்காமல் உள்ளே போய் ஓர் இடத்தில் குவிந்து, அரிசியளவு சதையைச் சுட்டுவிடும். இருபது விநாடி சூடு, சில நிமிடம் ஆற விடுதல், பிறகு அடுத்த புள்ளி. அவள் இயல்பாக மூச்சு விட்டபோது எடுத்த படத்தின் மேல்தான் ரிவார் புள்ளிகளைக் குறித்திருந்தார்; மூச்சை அடக்கினால் மார்பு இடம் மாறிவிடும்.

மூன்றாவது புள்ளியில், திரையில் சூடு குறியை விட்டு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. ரிவார் நிறுத்தினார். மறுபடி முயன்றார்; மறுபடியும் அப்படியே. மிலேன் ஓரத்தில் ஓடிய மூச்சுக் கோட்டைப் பார்த்தாள். சூடு ஏறும் இருபது விநாடியும் அது தட்டையாகக் கிடந்தது.

"ஓதெத், மூச்சை அடக்குறீங்களா?"

ஒலிபெருக்கியில் ஓதெத்தின் குரல் வந்தது.

"நானா அடக்கல. மெஷின் சத்தம் வந்தா அதுவா நின்னுடுது."

படங்களை முதலிலிருந்து எடுத்தார்கள். அதற்கே ஒரு மணி நேரம் போயிற்று. ஓதெத்தின் தோள்கள் மரத்து நடுங்கத் தொடங்கின. கட்டியின் ஒரு விளிம்பு மிச்சம் இருக்கும்போது ரிவார் போதும் என்றார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் அந்த விளிம்பு உயிரோடு இருந்தது. ஆய்வின் விதிப்படி இரண்டாம் முறை கிடையாது. அறுவைக்கு நாள் குறித்தார்கள். தான் இன்னும் முன்னாலேயே கவனித்திருக்க வேண்டும் என்று மிலேன் சொல்லத் தொடங்கியபோது, ஓதெத் கையமர்த்தினாள்.

அறுவைக்கு முந்தின நாள் அவள் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, தன் பழைய நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"ரிவாரோட ஆய்வுக்கு அடுத்த வாரம் ஒருத்தி வர்றாளாமே. இங்க ஸ்கேன் எடுத்தவளா?"

இரண்டு தடவை எடுத்திருக்கிறாள் என்றாள் மிலேன்.

"அப்ப அவளும் அடக்குவா. நான்தானே பழக்கி விட்டேன்." ஓதெத் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "பதிவு பண்ண ஆரம்பி. மூச்சை அடக்காதீங்கன்னு என் வாயாலயே சொல்லிட்டுப் போறேன். ஒவ்வொரு சூட்டுக்கு முன்னாலயும் அவளுக்கு இதைப் போட்டுக் காட்டு."