என் பெருவிரலில் என் தம்பியின் பெயர்

இந்த நாட்டில் ஒரு மனிதன் தன் முகத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வெளியே போய்விடலாம். போன வாரம் நான் போனேன். மீன் மார்க்கெட் வாசலில் ஒரு மலாய்ப் போலீஸ்காரன் கையை நீட்டி "காட்?" என்றான். சட்டை மாற்றியதில் அடையாளக் கார்டு பழைய சட்டையிலேயே தங்கிவிட்டது. "இதோ நிற்கிறேனே, பார்த்துக்கொள்" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினேன். எனக்குச் சளி என்று நினைத்தான் போலிருக்கிறது, ஓர் அடி பின்வாங்கிக்கொண்டு மறுபடியும் கையை நீட்டினான். வீட்டுக்கு ஓடி, கார்டை எடுத்து வந்து கொடுத்தேன். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. திருப்தியாகப் போய்விட்டான்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டில் இங்கே மலாய் நாட்டில், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு துப்பாக்கிச் சண்டை தொடங்கியபோது, வெள்ளைக்காரன் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் படம் பிடித்து, பெருவிரலில் மை தடவி, ஆளுக்கொரு கார்டு கொடுத்தான். வெள்ளைக்காரன் போய்விட்டான், சண்டையும் முடிந்துவிட்டது, கார்டு மட்டும் போகவில்லை. நம் பக்கத்தில் கைநாட்டு என்பது வசவு. இங்கே பள்ளிக்கூட வாத்தியாரும் கைநாட்டு, டாக்டரும் கைநாட்டு. அந்த மட்டில் சமத்துவம் வந்துவிட்டது.

நம் ஊரிலும் ஆளை விட்டுவிடுவதில்லை. ஆவுடையார்கோவில் பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் "யாரு மகன்? அத்தா நல்லாருக்காகளா? மச்சான் ஏன் கோவிச்சுக்கிட்டுப் போனாரு?" என்று குடலை உருவி எடுத்துவிடுவார்கள். எனக்கு அதுவும் பிடிக்காது. ஆனால் "ஒங்களுக்கு எதுக்கு அது?" என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்கலாம். இங்கே சர்க்கார் ஆபீசில் என் விரல் ரேகை இருக்கும் இரும்பு அலமாரியை நான் பார்த்தது கிடையாது. அதைத் திறப்பவன் யார், எதற்குத் திறக்கிறான் என்று கேட்டால், குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம் என்கிறார்கள். குற்றம் செய்யாதவன் விரல் எதற்கு என்று நான் கேட்கிறேன்.

உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். கீரமங்கலத்து ஆள் ஒருவர் ரப்பர் தோட்டத்து ரோட்டில் லாரி மோதி இறந்தார். முகம் தெரியவில்லை. சட்டைப் பையில் கார்டு இருந்ததால்தான் அவர் வீட்டுக்குத் தந்தி போனது. கார்டு இல்லையென்றால் அவர் மனைவி இன்றைக்கும் தபால்காரனை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள். செத்தவனுக்கு உதவுகிறது. என் சண்டை உயிரோடு இருக்கிறவனுக்காக.

எங்கள் கடை பேராக்கில் ஒரு சின்ன டவுனில் இருக்கிறது, மளிகைக் கடை. நானும் என் தம்பி சாகுலும் முறை வைத்து நடத்துகிறோம். ஒருவன் கடையில் இருந்தால் மற்றவன் ஊரில். நம் கடற்கரை ஊர்க்காரர்கள் பலரும் இப்படித்தான். லைசென்ஸ் என் பெயரில், காதர் மைதீன். கல்லாப் பெட்டியடியில் எவன் உட்கார்ந்தாலும் அவன்தான் காதர். சீனர்களும் மலாய்க்காரர்களும் தம்பியையும் காதர் என்றே கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான். அத்தா காலத்திலும் இதே வழக்கம்தான், யாருக்கும் நட்டமில்லை.

கார்டு எழுத ஆட்கள் வந்தபோது நான் ஊரில் இருந்தேன். தம்பி என் பெயரைச் சொல்லி, தன் முகத்தைக் காட்டி, தன் விரலை உருட்டிவிட்டான். நான் திரும்பி வந்து, "என் பேரை எவன்டா ஒன்னைக் குடுக்கச் சொன்னது?" என்று குதித்தேன்.

"கடைக்குத்தான் கார்டுன்னு நெனச்சேண்ணே. லைசென்ஸ் மாதிரி. ஆளுக்கும் கார்டு போடுவாங்கன்னு எவன் கண்டான்?" என்றான்.

ஆபீசுக்குப் போய் "நான்தான் காதர் மைதீன்" என்றேன். அந்தக் கடைக் காதருக்குக் கார்டு கொடுத்தாயிற்று என்று வெள்ளைக்காரன் சொன்னான். "அது நான் இல்லை" என்று கத்தினேன். அதைத்தான் அவனும் சொல்வதாக மொழிபெயர்த்தார்கள். அங்கே பியூனாக இருந்தவர் அன்னவாசல் பக்கத்துக்காரர். என்னை அங்கிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

"மெதுவாப் பேசுங்க பாய். உண்மையைச் சொன்னா ஒங்க தம்பி பொய் சொன்னதுக்கு ஜெயிலு. அப்புறம் ரெண்டு பேருக்கும் ஊருக்குக் கப்பலு. கடையை எவனாச்சும் எடுத்துக்குவான்."

"அதுக்கு என்னைய என்ன செய்யச் சொல்றீங்க?"

"ஒங்க தம்பி பேரு சும்மாதானே கெடக்கு? அதை எடுத்துக்கங்களேன்."

அன்றைக்கு நான் சாகுல் அமீது ஆனேன். கிளார்க் என் பெருவிரலைப் பிடித்து மாவு உருட்டுவது போல உருட்டினான். விரல் மாறாது, பொய் சொல்லாது என்று பெருமையாகச் சொன்னார்கள். ரொம்பச் சரி. அவர்கள் எழுதிக்கொண்ட பொய்யையும் இனி மாற்ற முடியாது.

சில வருஷம் இது சிரிப்பாகவே போனது. பிறகு என் மனைவி கதீஜாவும் மகள் ஜமீலாவும் கப்பலேறி வந்தார்கள். ஊர்ப் பாஸ்போர்ட்டில் அவர்கள் காதர் மைதீனின் மனைவி, காதர் மைதீனின் மகள். எல்லாம் உண்மை. இங்கே வந்து இறங்கியதும் அவ்வளவும் பொய்யாகிவிட்டது. சர்க்கார் கணக்கில் என் மனைவி எனக்கு மதினி. கதீஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதெல்லாம், "கொழுந்தனாரே, சோறு ஆறுது, வாங்க" என்பாள். எனக்குக் கோபம் வந்தால், "அண்ணன் பொண்டாட்டிக்கிட்ட இப்படியா பேசுவாக?" என்று வாயை அடைப்பாள்.

ஜமீலாவுக்குப் பன்னிரண்டு முடிந்தது. கார்டு எடுக்காவிட்டால் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அந்தச் சமயம் தம்பி ஊரில் இருந்தான். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் ஒரு முடிவோடுதான் போனேன். என் பெயர் போனால் போகட்டும். என் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் என் பெயர் இருக்கும், ஆனால் அந்தப் பெயருள்ள கார்டில் என் முகம் இருக்காது என்றால், அதை ஒத்துக்கொள்ள முடியாது. ஜெயிலோ கப்பலோ, இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது.

கிளார்க் இங்கேயே பிறந்த தமிழ்ப் பையன். இஸ்திரி போட்ட சட்டை, பள்ளிக்கூடத் தமிழ்.

"தகப்பனார் பெயர்?"

"காதர் மைதீன்" என்றாள் ஜமீலா.

அவன் என் கார்டை வாங்கிப் பார்த்தான். "இதில் சாகுல் அமீது என்று இருக்கிறதே. தகப்பனார் எங்கே? நீங்கள் யார்?"

நான் வாயைத் திறந்தேன். என் உண்மைப் பெயரைச் சொல்வதற்குள் ஜமீலா முந்திக்கொண்டாள். கதீஜா சிரித்துச் சிரித்துச் சொன்னதையெல்லாம் இந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஜெயில் என்று நாங்கள் மெதுவாகப் பேசிக்கொண்டதையும் கேட்டிருக்கிறாள்.

"அத்தா ஊருக்குப் போயிருக்காக" என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல். "இவுக எங்க சின்னத்தா."

"சின்னத்தா என்றால்?"

"அத்தாவோட தம்பிங்க."

அவன் தலையாட்டி எழுதிக்கொண்டான். சிறு பெண் என்பதால் காப்பாளன் என்ற இடத்தில் என்னையும் விரல் வைக்கச் சொன்னான். எனக்கு நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரியும். அலமாரியில் இருக்கும் ரேகையோடு ஒத்துப்பார்க்க விரல்தான் வேண்டுமாம். வைத்தேன். பக்கத்தில் அவள் விரல் பதிந்தது, ஈரம் காயாமல். ஒத்துப்பார்த்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னான்.

வெளியே வந்து, "ஏன்டி அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். "நீங்க உண்மையைச் சொல்லப் போனீங்கல்ல?" என்றாள். வீடு வரைக்கும் என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. நடுவில் ஒரு துணித் திரை. உள்ளே இருந்தால் ஜமீலா என்னை அத்தா என்கிறாள், பழைய மாதிரியே. மதியம் சோற்றுக்குக் கூப்பிட வரும்போது திரையை விலக்குவாள். முன்னால் சீனக் கிழவி உப்புக் கருவாடு பொறுக்கிக்கொண்டிருப்பாள், ஒரு போலீஸ்காரன் சிகரெட் வாங்கிக்கொண்டிருப்பான். அவள் ஒரு காலைக் கடைக்குள்ளும் ஒரு காலை வீட்டுக்குள்ளும் வைத்து, திரையைப் பிடித்தபடி, அத்தா என்றும் சொல்லாமல், சின்னத்தா என்றும் சொல்லாமல் நிற்பாள், நானாகத் திரும்பிப் பார்க்கும்வரை.